இந்தப் பெருநாளும் தனியாகத்தானா? தொழுகை, ஃபித்ரா தர்மம், விருந்து பற்றிச் சில சந்தேகங்கள்

காவிரிக்கரை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்புப் பெருநாளுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. 2024இல் பட்டது போல இந்த வருடமும் படக் கூடாது என்றுதான் முன்கூட்டியே கேட்கிறேன்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம். சிங்கப்பூர் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஏர்கான் சர்வீஸ் வேலை. பூன் லேயில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அறை எடுத்து மூன்று பேர் தங்கியிருக்கிறோம். மற்ற இருவரும் இந்து நண்பர்கள். மனைவியும் மூன்று வயது மகளும் ஊரில்.

போன வருடம் ஏப்ரல் 10, இங்கே பெருநாள். எங்கள் ஊரில் தொழுகை ஒன்பதரை மணிக்கு. அந்தப் பழக்கத்தில் குளித்து, புதுச் சட்டை போட்டு, ஒன்பது மணிக்குப் பள்ளிவாசலுக்குப் போய் நின்றேன். உள்ளே விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஜமாஅத்தும் (கூட்டுத் தொழுகை) முடிந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். இருபத்தொன்பது நோன்பையும் விடாமல் வைத்துவிட்டுப் பெருநாள் தொழுகையைத் தவறவிட்டேன். படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, ஒரு கடையில் இரண்டு பரோட்டா சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வீடியோவில் பேசினால் அங்கே இன்னும் நோன்பு. தமிழ்நாட்டில் மறுநாள் 11ஆம் தேதிதான் பெருநாள். அம்மா நோன்போடு இருக்கும்போது நான் சாப்பிட்டது தப்போ என்று மனது உறுத்தியது. மறுநாள் ஏணியில் நின்று வேலை பார்க்கும்போது மகள் புது கவுன் போட்ட படம் வந்தது.

இப்போது என் சந்தேகங்கள். எத்தனை மணிக்குப் போக வேண்டும்? எங்கள் ஊர் பள்ளி ஹனஃபி மத்ஹப் (சட்டப் பிரிவு). இங்கே ஷாஃபி மத்ஹப் இமாம் பின்னால் தொழுதால் தக்பீர் ("அல்லாஹு அக்பர்" சொல்வது) கணக்கு வேறு என்கிறார்கள், என்ன செய்வது? ஃபித்ராவை இங்கே கொடுப்பதா, ஊரில் கொடுக்கச் சொல்வதா? ஊரில் வேறு நாளில் பெருநாள் வந்தால் நான் எதைப் பின்பற்றுவது? அப்புறம் ஒன்று. எங்கள் சூப்பர்வைசர் மலாய்க்காரர். உட்லண்ட்ஸில் வீடு, இந்த முறை கட்டாயம் வரவேண்டும் என்கிறார். அவர்கள் வீட்டு முறை எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பச்சைக் கதவு எழுதியது:

வ அலைக்கும் ஸலாம் பாய். நான் ஒரு பள்ளிவாசலில் தொண்டூழியர். நேரத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

இங்கே மார்ச் கடைசியில் சூரியன் உதிக்கும்போது ஏழு மணி தாண்டியிருக்கும். சூரியன் கொஞ்சம் மேலே வந்ததும் தொழுகை, அதாவது ஏழரையை ஒட்டியே முதல் ஜமாஅத் தொடங்கிவிடும். கூட்டம் அதிகமுள்ள பள்ளிகளில் இரண்டாவது ஜமாஅத்தும் இருக்கும், அதுவும் பெரும்பாலும் எட்டரையை ஒட்டியே தொடங்கிவிடும். நீங்கள் போகும் பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தை முந்தைய நாள் பாருங்கள். சுபுஹ் (விடியற்காலை) தொழுகைக்கே வந்து உட்கார்ந்துவிட்டால் கவலையே இல்லை. தொழுகை விரிப்பு ஒன்று கையில் இருக்கட்டும், உள்ளே இடம் கிடைக்காமல் வெளியே நிற்க நேர்ந்தால் உதவும்.

தமிழில் குத்பா (பேருரை) கேட்க வேண்டுமென்றால் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜமாஆ சூலியா, டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர், தெலுக் ஆயரில் அல் அப்ரார், பென்கூலன் பள்ளிவாசல் என்று இருக்கின்றன. பூன் லேயிலிருந்து ரயிலில் வருவது சுலபம்.

தஞ்சோங் பகார் மசாலா வீடு எழுதியது:

தம்பி, நீங்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. எனக்கு 68 வயதாகிறது. பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான், உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். வாப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். உம்மா கடையநல்லூரிலிருந்து வந்தவர், மசாலா அரைத்துச் சந்தையில் விற்றார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மார்க்கத் தீர்ப்பு வேண்டுமென்றால் இமாமிடம் கேளுங்கள்.

முதலில் நாள். நாம் எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊரோடு நோன்பு, அந்த ஊரோடு பெருநாள். இங்கே வானம் பாதி நாள் மேகம்தான், பிறையைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம். அதனால் கணக்கை வைத்து முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) நாளை முடிவு செய்கிறது, நோன்பு 29 அன்று மஃரிப் (மாலைத்) தொழுகைக்குப் பிறகு முஃப்தி (தலைமை மார்க்க அறிஞர்) அறிவிப்பார். அவர் அறிவிக்கிற நாள்தான் நமக்குப் பெருநாள். பெருநாள் அன்று நோன்பு வைப்பது ஹராம். உங்கள் அம்மா அங்கே நோன்பு, நீங்கள் இங்கே சாப்பிட்டீர்கள். இரண்டு பேர் செய்ததும் சரிதான். அந்த உறுத்தலை இன்றோடு விட்டுவிடுங்கள்.

தக்பீர் விஷயம். ஷாஃபி முறையில் முதல் ரக்அத்தில் (தொழுகைச் சுற்றில்) ஏழு, இரண்டாவதில் ஐந்து, இரண்டுமே ஓதுவதற்கு முன்னால். ஹனஃபி முறையில் மூன்றும் மூன்றும், இரண்டாவது ரக்அத்தில் ஓதி முடித்து ருகூஉக்கு (குனிவதற்கு) போவதற்கு முன்னால் வரும். இமாம் கூட்டிச் சொன்னால் பின்னால் நிற்பவரும் அவரோடு சொல்ல வேண்டும் என்றுதான் ஹனஃபி உலமாக்களும் சொல்கிறார்கள். அவர் கையை உயர்த்தினால் நீங்களும் உயர்த்துங்கள், அவ்வளவுதான். பாங்கும் இகாமத்தும் (தொழுகை அழைப்புகள்) இருக்காது, அதைக் கேட்டுவிட்டு எழலாம் என்று காத்திருக்காதீர்கள். இந்தத் தொழுகையில் குத்பா பின்னால்தான் வரும். ஸலாம் கொடுத்த உடனே பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடுவார்கள். நீங்கள் உட்கார்ந்திருங்கள். வருடத்துக்கு இரண்டே முறை கிடைக்கிற குத்பா.

ஜமாஅத் தவறிவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஷாஃபி முறையில் லுஹருக்கு (நண்பகல் தொழுகைக்கு) முன் தனியாகவே இரண்டு ரக்அத் பெருநாள் தொழுகை தொழுதுகொள்ளலாம். ஹனஃபியில் தனியாக அந்தத் தொழுகை இல்லை, ஆனால் லுஹா (முற்பகல் உபரித் தொழுகை) போல நான்கு ரக்அத் தொழுவது நல்லது என்கிறார்கள். போன வருடம் அந்தப் படிக்கட்டில் யாராவது உங்களிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.

காலையில் குளியல், இருப்பதில் நல்ல உடை, அத்தர். கிளம்புவதற்கு முன் பேரீச்சம்பழம் ஒன்றோ மூன்றோ, ஒற்றைப்படையில். இது நோன்புப் பெருநாளுக்கு. ஹஜ்ஜுப் பெருநாளில் தொழுதுவிட்டு வந்துதான் சாப்பிடுவது. போகும்போது தக்பீர் சொல்லிக்கொண்டே போங்கள், ரயிலில் உதடு அசைந்தால் போதும். போன வழியில் திரும்பாமல் வேறு வழியில் திரும்புவதும் ஸுன்னத் (நபிவழி). சூலியா பள்ளிக்கு வந்தால் சைனாடவுன் பக்கமாக வந்து, திரும்பும்போது மேக்ஸ்வெல் சாலை வழியாக நடந்து தஞ்சோங் பகார் நிலையத்தில் ரயில் ஏறுங்கள். எங்கள் பள்ளிக்கூடம் அந்தச் சாலையில்தான் இருந்தது. 1982இல் மூடிவிட்டார்கள். நான் இப்போதும் பெருநாள் தொழுகை முடிந்து அந்த வழியாகத்தான் திரும்புகிறேன்.

ஆமாம், நான் தொழுகைக்குப் போகிறேன். இதைப் படிக்கிற பெண்களுக்காக ஒரு வார்த்தை. ஊரிலிருந்து வந்த பல பெண்கள் பெருநாள் காலையை அடுப்படியிலேயே முடித்துவிடுகிறார்கள். பெருநாள் திடலுக்குப் பெண்களையும் அழைத்துவரச் சொன்னார்கள் நபிகள் என்று உம்மு அதிய்யா அறிவித்த ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. மாதவிடாயில் இருப்பவர்கள்கூட வரட்டும், தொழும் இடத்துக்கு ஒதுங்கி நிற்கட்டும், நன்மையிலும் துஆவிலும் சேரட்டும் என்று அதில் வருகிறது. இங்கே பெண்களுக்கு இடம் இருக்கிற பள்ளிகள் நிறைய. நெய்ச்சோறு பத்து மணிக்கு வெந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஃபித்ராவை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். தொழுகைக்கு முன் கொடுத்தால்தான் அது ஃபித்ரா, அதற்குப் பிறகு கொடுப்பது சாதாரண ஸதகா (தானம்). நோன்பில் நாம் பேசிய வீண் பேச்சுக்குப் பரிகாரம், ஏழைக்கு உணவு என்று இப்னு அப்பாஸ் அறிவித்த ஹதீஸ் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. இங்கே அரிசி விலையை வைத்துத் தொகையை ஒவ்வொரு வருடமும் அறிவிப்பார்கள். பள்ளிவாசலில் ஆமில் (வசூலிப்பவர்) மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். கையைப் பிடித்து நிய்யத்தை (எண்ண உறுதியை) சொல்லிக் கொடுத்து வாங்கிக்கொள்வார், இணையத்திலும் கட்டலாம். உங்களுக்கு இங்கே கொடுங்கள். மனைவிக்கும் பிள்ளைக்கும் ஊரில் உங்கள் அத்தாவை (அப்பாவை) கொடுக்கச் சொல்லுங்கள், அங்கே இருக்கும் ஏழைக்குப் போகட்டும். யார் யாருக்குக் கொடுத்தாயிற்று என்று மட்டும் போனில் பேசிக்கொள்ளுங்கள்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த ஒரு நாள் எவரும் பசியோடு இருக்கக் கூடாது. எங்கள் வாப்பாவுக்கு அது ஒரு வெறி மாதிரி. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்து துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் அப்போது ஏராளம். பெருநாள் தொழுகை முடிந்து வாப்பா தனியாக வீடு திரும்பி நான் பார்த்ததே இல்லை. பின்னால் மூன்று பேர் வருவார்கள், சில வருடம் ஆறு பேர். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. பாயை விரித்து அவர்களை உட்காரவைப்பார், நாங்கள் பிள்ளைகள் கதவோரம் நின்று சாப்பிடுவோம். இடியாப்பம், கறி, வட்டலப்பம் (தேங்காய்ப்பால், முட்டை சேர்த்த இனிப்பு). எனக்கு வட்டலப்பம் மிஞ்சாமல் போய்விட்ட ஒரு வருடம் நான் அழுதேன். உம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "அந்த மாமாவுக்கு உன் வயசில் ஊரில் ஒரு மகள் இருக்கிறாள், அவள் கையால் வாங்கிச் சாப்பிட வேண்டியவர் உன் கையால் வாங்கிச் சாப்பிடுகிறார்" என்றார். அதற்கப்புறம் பரிமாறுவது என் வேலை.

அதனால் சூப்பர்வைசர் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லாதீர்கள். விருந்துக்கு அழைத்தவரை மனம் நோக விடாதீர்கள். தொழுகை முடிந்து காலைச் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று யோசிக்கவும் வேண்டாம். நான் வீட்டில் தனியாக இருப்பவள், முன்பின் தெரியாத ஆண்பிள்ளைகளை நேரடியாக அழைப்பது முறையில்லை. என் மகன் குடும்பத்தோடு காலையிலேயே வந்துவிடுவான். எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், அவன் எண்ணைத் தருகிறேன். பள்ளிவாசல் வாசலில் அவனே உங்களைச் சந்திப்பான். அறையில் இருக்கும் இரண்டு நண்பர்களும் வரட்டும். யாராவது சைவம் என்றால் முன்னாடியே சொல்லிவிடுங்கள், சேமியா தனியாகக் காய்ச்சி வைக்கிறேன்.

ஈசூன் பத்தாம் மாடி எழுதியது:

நான் இந்து. மலாய் வீட்டுக்குப் போவது பற்றி மட்டும் சொல்கிறேன், எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்தோடு இருபது வருடப் பழக்கம்.

தம்பி, தயங்காமல் போங்கள். அவர்கள் நோன்புக்கு அடுத்த ஷவ்வால் மாதம் முழுக்க வீடு வீடாகப் போய் வருவார்கள். எந்த நாள், எத்தனை மணி என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அன்றைக்கு அவர்களும் வேறு வீடுகளுக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வையுங்கள், பின்னால் வருகிறவர் தடுக்கி விழாமல். "செலாமாட் ஹாரி ராயா" என்றால் போதும். அவர்கள் கூடவே "மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்" என்பார்கள். வெளியிலும் உள்ளத்திலும் செய்த தவறுகளை மன்னித்துவிடுங்கள் என்று அர்த்தம். வீட்டுப் பிள்ளைகள் பெரியவர் முன்னால் மண்டியிட்டு இதைச் சொல்லிக் கையை முத்தமிடுவதைப் பார்ப்பீர்கள். நான் முதல் முறை பார்த்தபோது ஊரில் இருக்கும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

வீட்டுப் பெண்களிடம் நீங்களாகக் கை நீட்ட வேண்டாம். நெஞ்சில் கை வைத்துத் தலை அசைத்தால் அழகாக இருக்கும். தின்பண்டம் வாங்கிப் போனால் முயிஸ் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பழம் வாங்கிக்கொள்ளுங்கள். எதிர்வீட்டு அம்மா கெத்துப்பாட் (ஓலையில் வெந்த சோறு), ரெண்டாங் (மசாலா இறைச்சி), லொந்தோங் (இலையில் வெந்த சோறு) எல்லாம் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். நான் சைவம் என்று தெரிந்து, முதல் வருடத்திலிருந்தே எனக்குக் கெத்துப்பாட்டும் கடலைக் குழம்பும் தனித் தட்டில். எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுங்கள், வயிற்றில் இடம் வையுங்கள், அடுத்த வீட்டுக்கும் கூட்டிப் போவார்கள். பிள்ளைகளுக்குப் பச்சை உறையில் இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி கொடுப்பது உங்கள் இஷ்டம். கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி கொடுங்கள்.

ஆறாம் பிறை எழுதியது:

மசாலா வீட்டு அம்மா சொன்னதில் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெருநாள் அன்று தொழுகை முடிந்ததும் கட்டிப்பிடிப்பதும் கை கொடுப்பதும் ஸுன்னத் போல ஆகிவிட்டது. கூட்டமாகக் கபுருக்கு (கல்லறைக்கு) போவதும் அப்படித்தான். இதையெல்லாம் தம்பிக்குச் சொல்லிவிட வேண்டாமா?

தஞ்சோங் பகார் மசாலா வீடு எழுதியது:

ஆறாம் பிறைத் தம்பி, ஸஹாபாக்கள் (நபித் தோழர்கள்) பெருநாளில் சந்தித்தால் "தகப்பலல்லாஹு மின்னா வ மின்கும்", அல்லாஹ் எங்களிடமிருந்தும் உங்களிடமிருந்தும் ஏற்றுக்கொள்ளட்டும் என்று சொல்வார்கள் என்று வந்திருக்கிறது. அந்த வாழ்த்தைப் பழகிக்கொள்வது நல்லது, அதில் உங்களோடு நான் ஒன்று. கட்டிப்பிடிப்பது கடமை என்று நானும் சொல்லவில்லை. ஆனால் ஒன்றரை வருடமாகச் சொந்தக்காரர் ஒருவரும் தொடாத பிள்ளையை யாராவது ஒரு பெரியவர் பள்ளிவாசலில் அணைத்துக்கொண்டால் அதைத் தடுக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன். சுவா சூ காங்கில் என் கணவருடைய கபுருக்கு நான் போவது பெருநாள் அன்று இல்லை, அதற்கு முந்திய வாரம். அது என் வசதி, அதையும் சட்டமாகச் சொல்லவில்லை.

காவிரிக்கரை எழுதியது:

பெருநாள் முடிந்து எழுதுகிறேன். இந்த வருடம் இங்கேயும் ஊரிலும் ஒரே நாள், மார்ச் 31. அல்ஹம்துலில்லாஹ்.

சுபுஹுக்கே சூலியா பள்ளிக்குப் போய்விட்டேன். உள்ளே மூன்றாவது ஸஃப்பில் (வரிசையில்) இடம். எல்லோரும் சேர்ந்து தக்பீர் சொல்லும்போது எங்கள் ஊர் ராகம் இல்லை, வேறு ராகம். இருந்தும் இரண்டாவது முறை வரும்போது நானும் அதே ராகத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். குத்பா முடியும் வரை எழவில்லை. பக்கத்தில் இருந்தவர் என்னை அணைத்துக்கொண்டார், யாரென்று தெரியாது.

மசாலா வீட்டு அம்மாவின் மகன் வாசலில் நின்றிருந்தார். நண்பர்கள் இருவரும் நேராக அங்கே வந்துவிட்டார்கள். மேக்ஸ்வெல் சாலை வழியாகவே நடந்தோம். அம்மா வீட்டில் பாய் விரித்திருந்தது. வட்டலப்பத்தை எனக்குப் பரிமாறியது அவருடைய பேத்தி, ஆறு வயது இருக்கும். அப்போதே ஊருக்கு வீடியோவில் அழைத்து என் மகளிடம் காட்டினேன். இரண்டு பிள்ளைகளும் புது கவுனை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். அம்மாவும் என் அம்மாவும் அரைமணி நேரம் பேசினார்கள், போன் திரும்பக் கிடைக்கவில்லை.

மாலை உட்லண்ட்ஸ். சூப்பர்வைசரின் அத்தா சக்கர நாற்காலியில் இருந்தார். பிள்ளைகள் செய்தது போல நானும் மண்டியிட்டுக் கையை முத்தமிட்டேன். அவர் மலாயில் என்னமோ சொன்னார், எனக்குப் புரியவில்லை, தலையில் கை வைத்தார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு என்ன செய்வது என்று இப்போதே கேட்டுவைக்கிறேன். குர்பானியை (பெருநாளுக்கு ஆடு அறுத்துக் கொடுப்பதை) இங்கே கொடுப்பதா, ஊரிலா? இந்த வருடம் கொடுக்கும் வசதியை அல்லாஹ் தந்திருக்கிறான்.

தஞ்சோங் பகார் மசாலா வீடு எழுதியது:

இங்கே அது ஜூன் 7. பள்ளிவாசலில் கொடுப்பதென்றால் பல வாரம் முன்பே பதிய வேண்டும், விலையும் ஊரைவிட மிக அதிகம். ஊரிலேயே கொடுங்கள், உங்கள் அத்தா முன்னால் நின்று பார்த்துக்கொள்ளட்டும். அங்கே பெருநாள் தொழுகை முடிந்த பிறகுதான் அறுக்க வேண்டும், அதற்கு முன்னால் அறுத்தால் அது வெறும் கறி. மூன்று பங்கில் ஒன்று வீட்டுக்கு, ஒன்று சொந்தக்காரர்களுக்கு, ஒன்று ஏழைகளுக்கு. பக்கத்து வீட்டு இந்துக் குடும்பங்களுக்கும் கொடுக்கலாம், ஆட்டுக்கறி சாப்பிடுபவர்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அறுப்பவருக்குக் கூலியைப் பணமாகத் தனியே கொடுக்கச் சொல்லுங்கள், தோலையோ கறியையோ கூலியாகக் கொடுக்கக் கூடாது. துல்ஹஜ் மாதப் பிறை பிறந்ததிலிருந்து அங்கே அறுத்துவிட்டார்கள் என்று செய்தி வரும் வரை நீங்கள் முடியும் நகமும் வெட்டாமல் இருப்பது நல்லது. பிறை ஒன்பது அன்று அரஃபா நோன்பு வையுங்கள்.

ஷவ்வால் ஆறு நோன்பு தொடங்கிவிட்டீர்களா? நான் நாளையிலிருந்து. அப்புறம், இடியாப்பம் கட்டிக் கொடுத்த மூடி போட்ட பாத்திரம் என் உம்மாவுடையது. சாவகாசமாக, அடுத்த முறை வரும்போது கொண்டுவாருங்கள்.